கடைசி இலக்கம் எங்கே போனது?

சதுரங்கப் பலகைக் கதையை நாம் எல்லோரும் வகுப்பில் சொல்லியிருப்போம். முதல் கட்டத்தில் ஒரு நெல்மணி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்து நான்கு என இரட்டிப்பாக்கி 64 கட்டங்களுக்கும் நெல் கேட்ட அறிஞர். இவ்வளவுதானா என்று சிரித்தபடி ஒப்புக்கொண்ட அரசர். களஞ்சியம் காலியான பிறகும் தீராத கடன். கதை முடிந்ததும் கரும்பலகையில் ஒரு நீண்ட எண்ணை எழுதுவோம். மாணவர்கள் "அடேயப்பா!" என்பார்கள். மணி அடித்துவிடும். பாடமும் அத்தோடு முடிந்துவிடும்.

நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்துக்கொண்டிருந்தேன். ஒருமுறை எட்டாம் வகுப்பில் இந்தக் கதையைச் சொன்னபோது, முதல் நாள் கணினியின் விரிதாளில் கணக்கிட்டுக் குறித்து வைத்திருந்த விடையைப் பார்த்துக் கரும்பலகையில் எழுதினேன்.

18446744073709600000

வழக்கமான "அடேயப்பா" வந்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"டீச்சர், கடைசியில சைபர் வராதே."

"ஏம்மா?"

"முதல் கட்டத்துல ஒண்ணுதானே இருக்கு? மத்த எல்லாக் கட்டத்துலயும் இரட்டைப்படை. எல்லாத்தையும் கூட்டினா ஒற்றைப்படைதானே வரணும்?"

அவள் சொன்னது சரி. நான் எழுதியது தவறு. விரிதாள் பொதுவாக ஓர் எண்ணின் முதல் 15 இலக்கங்களையே காட்டும். மீதி இடங்களைச் சுழியத்தால் நிரப்பிவிடும். நானோ அந்தச் சுழியங்களையும் விடையின் பகுதி என நம்பிவிட்டேன். இருபது இலக்க எண்ணில் பிழை இருப்பதை, எந்தக் கருவியும் இல்லாமல், ஒற்றை இரட்டை என்ற ஆரம்பப் பள்ளிப் பாடத்தை வைத்தே ஒரு குழந்தை கண்டுபிடித்துவிட்டாள்.

அன்றிலிருந்து இந்த எண்ணை நான் நடத்தும் முறை மாறியது. அதன் அளவைக் காட்டி வியக்க வைப்பதோடு நிறுத்துவதில்லை. அது எப்படி உருவானது என்பதைப் பிடித்துக்கொண்டு, அதன் பண்புகளை மாணவர்களையே கண்டுபிடிக்கச் செய்கிறேன். அந்த வழியை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு மணி சேர்த்தால் போதும்

முதலில் சரியான விடையைப் பெற வேண்டும். இதைத் தொடக்க வகுப்புகளிலேயே புளியங்கொட்டைகளைக் கொண்டு தொடங்கலாம். தரையில் ஐந்து கட்டங்கள் வரைந்து 1, 2, 4, 8, 16 என அடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் அதுவரை உள்ள மொத்தத்தைக் கேளுங்கள். 1, 3, 7, 15, 31 என்று வரும். அடுத்த கட்டத்தில் வைக்க வேண்டியதைவிட இந்த மொத்தம் எப்போதும் ஒன்று குறைவு என்பதைப் பிள்ளைகள் தாமே சொல்லிவிடுவார்கள்.

ஏன் அப்படி? ஒரேயொரு கொட்டையைக் கூடுதலாகக் கொடுத்து முதல் கட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே ஒன்றும் ஒன்றும் சேர்ந்து இரண்டாகும். அதை அப்படியே இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளினால் இரண்டும் இரண்டும் நான்கு. அதைத் தள்ளினால் நான்கும் நான்கும் எட்டு. கடைசியில் எல்லாக் கொட்டைகளும் ஒரே குவியலாக ஆறாம் கட்டத்துக்குப் போய்ச் சேரும். அங்கே சரியாக 32 இருக்கும். ஆகவே ஐந்து கட்டங்களின் மொத்தம் 2⁵ − 1. அதே காரணத்தால் 64 கட்டங்களின் மொத்தம் 2⁶⁴ − 1. பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடரின் கூடுதல் என்று சூத்திரமாகக் கற்பிப்பதும் இதுவே.

இங்கு மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஒரு தவறைக் கவனிக்க வேண்டும். 64ஆம் கட்டத்தில் உள்ளவை 2⁶⁴ மணிகள் அல்ல, 2⁶³ மணிகள்தான். முதல் கட்டத்தில் இருப்பது 2⁰ என்பதை மறப்பதால் இந்தக் குழப்பம் வருகிறது.

அல்பெருனியின் குறுக்கு வழி

2-ஐ 64 முறை பெருக்க வேண்டாம். ஏறத்தாழ 1000ஆம் ஆண்டில் அல்பெருனி இதே சதுரங்கக் கணக்குக்கு வர்க்கப்படுத்தும் வழியைக் கையாண்டார். 2-ஐ வர்க்கப்படுத்தினால் 4. அதை வர்க்கப்படுத்தினால் 16. தொடர்ந்து 256, 65536, 4294967296. இன்னும் ஒருமுறை வர்க்கப்படுத்தினால் 2⁶⁴. மொத்தம் ஆறே பெருக்கல்கள்.

கடைசிப் பெருக்கல் மட்டும் நீளமானது. வகுப்பைக் குழுக்களாகப் பிரித்து, 4294967296-ஐ 42949 இலட்சம், 67296 என இரண்டாக உடைத்து, இரண்டின் கூடுதலின் வர்க்கமாக விரித்துத் தாளிலேயே செய்ய வைக்கலாம். விடையிலிருந்து ஒன்றைக் கழித்தால் நம் எண் கிடைக்கும்.

18446744073709551615

இதை நம் முறையில் 1,84,46,74,40,73,70,95,51,615 என்று காற்புள்ளியிட வேண்டும். படிப்பது எளிது. ஓர் இலட்சத்து எண்பத்து நான்காயிரத்து நானூற்று அறுபத்தேழு கோடி கோடியே, நாற்பத்து நான்கு இலட்சத்து ஏழாயிரத்து முந்நூற்று எழுபது கோடியே, தொண்ணூற்று ஐந்து இலட்சத்து ஐம்பத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினைந்து.

கடைசி இலக்கம் 5 சரிதானா? சரிபார்க்க முழுக் கணக்கும் வேண்டாம். 2-இன் அடுக்குகளின் ஒன்றாம் இலக்கங்கள் 2, 4, 8, 6 என்று சுழன்று வரும். 64 என்பது 4-இன் மடங்கு என்பதால் 2⁶⁴ இன் ஒன்றாம் இலக்கம் 6. ஒன்றைக் கழித்தால் 5.

ஒரு கிலோ நெல்லின் வேறுபாடு

நான் முதலில் எழுதிய தவறான எண்ணுக்கும் இந்தச் சரியான எண்ணுக்கும் உள்ள வேறுபாடு 48,385. சத்துணவுக் கூடத்துத் தராசில் ஆயிரம் நெல்மணிகளை நிறுத்துப் பார்க்கலாம். இரகத்துக்கு ஏற்ப எடை மாறும் என்றாலும் 20 கிராம் என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 48,385 மணிகளின் எடை ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. மொத்த நெல்லோ ஏறத்தாழ 36,900 கோடி டன். உலகம் முழுவதும் இன்று ஓராண்டில் விளையும் நெல் சுமார் 80 கோடி டன் என்பதால், அரசரின் கடன் தீர நானூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆகும்.

இத்தனை கோடி டன்னில் ஒரு கிலோ என்பது ஒன்றுமே இல்லை. எண்ணின் அளவு மட்டும் போதும் என்றால் விரிதாளின் விடையே போதும். எண்ணின் பண்புகளுக்கு வந்தால் நிலைமை வேறு. தவறான எண் இரட்டைப்படை, 10-ஆல் வகுபடும், 3-ஆல் வகுபடாது. சரியான எண் ஒற்றைப்படை, 10-ஆல் வகுபடாது, 3-ஆல் வகுபடும். ஒவ்வொன்றும் தலைகீழ். தோராயமான விடை எந்தக் கேள்விக்குப் போதும், எந்தக் கேள்விக்குப் போதாது என்று மாணவர்களைக் கேட்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

வகுபடும் தன்மைச் சோதனைகள்

இனி மாணவர்கள் கற்ற விதிகளை இந்த எண்ணிலேயே சோதிக்கலாம்.

கடைசி இலக்கம் 5. எனவே எண் 5-ஆல் வகுபடும்.

இலக்கங்களின் கூடுதல் 87. எனவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது.

7, 11, 13 ஆகிய மூன்றுக்கும் ஒரே சோதனை உண்டு. 7 × 11 × 13 = 1001. எனவே எண்ணை வலமிருந்து மும்மூன்று இலக்கங்களாகப் பிரித்து, கழித்தும் கூட்டியும் மாற்றி மாற்றிச் செய்தால் போதும்.

615 − 551 + 709 − 073 + 744 − 446 + 18 = 1016

1016-ஐ 7-ஆல் வகுத்தால் மீதி 1. 11-ஆல் வகுத்தால் மீதி 4. 13-ஆல் வகுத்தால் மீதி 2. ஆகவே இருபது இலக்க எண்ணும் இந்த மூன்றாலும் வகுபடாது. வகுபடாது என்று உறுதியாகச் சொல்ல முடிவதும் ஓர் அறிவுதான். பிள்ளைகள் வகுபடும் எண்களை மட்டுமே எதிர்பார்த்துப் பழகியிருப்பதால் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

ஒரே முற்றொருமை, ஆறு காரணிகள்

இப்படி ஒவ்வொரு எண்ணாகச் சோதித்துக்கொண்டே போனால் முடிவே இராது. எண் உருவான விதம் இங்கேதான் கைகொடுக்கிறது. இரு வர்க்கங்களின் வேறுபாட்டை, அதாவது அ² − ஆ² = (அ + ஆ)(அ − ஆ) என்பதை, நினைவூட்டுங்கள். 2⁶⁴ என்பது 2³² இன் வர்க்கம். 1 என்பது 1-இன் வர்க்கம்.

2⁶⁴ − 1 = (2³² + 1)(2³² − 1)

வலப்பக்கத்தில் உள்ள 2³² − 1 மறுபடியும் இரு வர்க்கங்களின் வேறுபாடு. அது (2¹⁶ + 1)(2¹⁶ − 1) ஆகும். இப்படியே 2 − 1 வரை இறங்கிவரலாம். அது 1 என்பதால் மறைந்துவிடும். மிஞ்சுவது:

2⁶⁴ − 1 = (2 + 1)(2² + 1)(2⁴ + 1)(2⁸ + 1)(2¹⁶ + 1)(2³² + 1)
= 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

அல்பெருனியின் ஆறு வர்க்கங்களும் ஆறு காரணிகளாகத் திரும்பி வந்திருப்பதைக் கவனிக்கச் சொல்லுங்கள். எண்ணைக் கட்டிய படிகளே அதைப் பிரிக்கும் படிகளாகவும் அமைந்துவிட்டன. 3 × 5 = 15, 15 × 17 = 255, 255 × 257 = 65535 என மாணவர்களே பெருக்கிப் பார்த்தால் ஒவ்வொரு படியிலும் முற்றொருமை வேலை செய்வதைக் கண்ணால் காண்பார்கள்.

இந்த ஆறும் பகா எண்களா? 3, 5, 17 பற்றி ஐயமில்லை. 257-க்கு 2, 3, 5, 7, 11, 13 ஆகிய ஆறு பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். ஏனெனில் 17-இன் வர்க்கம் 257-ஐத் தாண்டிவிடுகிறது. 65537-க்கு 256 வரையுள்ள 54 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டும். 27 பேர் உள்ள வகுப்பில் ஆளுக்கு இரண்டு. எவருக்கும் மீதியின்றி வராது. வகுப்பு முழுவதும் சேர்ந்து ஐந்திலக்க எண் ஒன்று பகா எண் என்று நிறுவிய நிறைவு அன்று அவர்களுக்குக் கிடைக்கும்.

ஃபெர்மா தவறிய இடம்

ஆறாவது காரணியான 4294967297-இல்தான் கதை திரும்புகிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டுக் கணித மேதை ஃபெர்மா, 3, 5, 17, 257, 65537 என்ற வரிசையைப் பார்த்து, இந்த வகை எண்கள் எல்லாமே பகா எண்கள்தான் என்று நம்பினார். முதல் ஐந்தும் சரியாக இருந்தன. ஆறாவதைச் சோதிக்க 65536 வரையுள்ள 6,542 பகா எண்களால் வகுத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

1732இல் ஆய்லர் இந்த எண் 641-ஆல் வகுபடும் என்று காட்டினார். 6,542 எண்களையும் அவர் வகுத்துப் பார்க்கத் தேவையில்லை. 2³² + 1 இன் பகா காரணி எதுவானாலும் அதை 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும் என்பதையும் அவர் நிறுவினார். அத்தகைய பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று வரும். ஐந்தாவது முயற்சியிலேயே விடை கிடைத்துவிடுகிறது.

641-ஆல் வகுபடும் என்பதை நீள்வகுத்தல் இல்லாமலே எட்டாம் வகுப்பு இயற்கணிதத்தைக் கொண்டு காட்டலாம். 641-ஐ இரண்டு விதமாக எழுதுவோம்.

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதிலிருந்து 2⁴ = 641 − 5⁴. இதைப் பயன்படுத்துவோம்.

2³² = 2⁴ × 2²⁸ = (641 − 5⁴) × 2²⁸ = 641 × 2²⁸ − (5 × 2⁷)⁴ = 641 × 2²⁸ − 640⁴

இரு பக்கமும் ஒன்றைக் கூட்டினால்:

2³² + 1 = 641 × 2²⁸ − (640⁴ − 1)

அடைப்புக்குள் இருப்பது மறுபடியும் இரு வர்க்கங்களின் வேறுபாடு.

640⁴ − 1 = (640² + 1)(640 + 1)(640 − 1) = 409601 × 641 × 639

இரண்டு உறுப்புகளிலும் 641 இருக்கிறது. அதை வெளியே எடுத்தால் ஈவும் தானே கிடைத்துவிடும்.

2³² + 1 = 641 × (268435456 − 261735039) = 641 × 6700417

6700417 பகா எண்ணா? அதன் பகா காரணிகளும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 தரவேண்டியவையே. அதன் வர்க்கமூலம் 2589-ஐவிடக் குறைவு. அந்த எல்லைக்குள் அத்தகைய எண்கள் 40 மட்டுமே, அவற்றுள்ளும் பகா எண்களை மட்டும் சோதித்தால் போதும். எதுவும் வகுக்காது. ஆகவே 6700417 பகா எண்தான்.

இந்த இடத்தில் மாணவர்களிடம் ஒன்றைக் கட்டாயம் சொல்கிறேன். ஐந்து முறை சரியாக வந்தது ஆறாவது முறையும் வரும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. ஃபெர்மா போன்ற மேதைக்கே இது நேர்ந்தது. அமைப்பைப் பார்த்து ஊகிப்பது கணிதத்தின் தொடக்கம்தான். நிறுவினால்தான் அது முழுமை பெறும். 65537-க்குப் பிறகு இந்த வகையில் இன்னொரு பகா எண்ணை இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

முழு விடையும் மறுபடி சதுரங்கமும்

இப்போது நம் எண்ணின் பகா காரணிகள் முழுவதும் தெரிந்துவிட்டன.

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

ஏழும் வெவ்வேறு பகா எண்கள். எதுவும் இருமுறை வரவில்லை. எனவே இந்த எண் ஒரு முழு வர்க்கமாக இருக்க முடியாது. இதன் வகுத்திகள் மொத்தம் எத்தனை? ஒவ்வொரு பகா எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம், அல்லது விட்டுவிடலாம். ஒவ்வொன்றும் வகுத்திகளின் எண்ணிக்கையை இரட்டிப்பாக்கும். ஏழு முறை இரட்டித்தால் 128. சதுரங்கப் பலகையின் எட்டாம் கட்டத்தில் உள்ள மணிகளும் 128தான். இரட்டிப்பில் பிறந்த எண்ணின் வகுத்திகளை எண்ணும்போதும் இரட்டிப்பே வருவதைப் பார்த்து மாணவர்கள் மகிழ்வார்கள்.

வடிவியல் ஆர்வமுள்ள உயர்நிலை மாணவர்களுக்கு இன்னொரு செய்தி. 17 பக்கங்கள் கொண்ட ஒழுங்குப் பலகோணத்தை அளவுகோடும் கவராயமும் மட்டும் கொண்டு வரையலாம் என்பதை 1796இல் காஸ் கண்டறிந்தார். 3, 5, 17, 257, 65537 ஆகியவற்றுக்கு அந்தச் சிறப்பு உண்டு. இந்த ஐந்தையும் பெருக்கினால் வருவது 4294967295, அதாவது 2³² − 1. நம் எண்ணின் பாதி வழியில் சந்தித்த அதே எண்.

கணினியைப் பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கும் இங்கே விடை உண்டு. அலைபேசியில் 64 பிட் என்று பார்த்திருப்பார்கள். 64 இடங்களில் ஒவ்வொன்றிலும் 0 அல்லது 1 மட்டும் எழுதலாம் என்றால், எல்லா இடத்திலும் 1 எழுதும்போது கிடைக்கும் மிகப் பெரிய எண் இதுவே. சதுரங்கப் பலகையின் எல்லாக் கட்டங்களும் நிரம்பிய நிலை அது.

வகுப்பில் கையாள

இவை அனைத்தையும் ஒரே வகுப்பில் நடத்த முடியாது, நடத்தவும் வேண்டாம். தொடக்க வகுப்புகளில் புளியங்கொட்டை அடுக்குதலும் ஒற்றை இரட்டைக் கேள்வியும் போதும். ஆறு, ஏழாம் வகுப்புகளில் பெரிய எண்ணைப் படித்தல், ஒன்றாம் இலக்கச் சுழற்சி, வகுபடும் தன்மைச் சோதனைகள். எட்டாம் வகுப்பில் முற்றொருமையால் ஆறு காரணிகள். 641 பற்றிய நிரூபணத்தை ஒன்பது, பத்தாம் வகுப்புகளில் ஒரு தனிப் பாடவேளையாக எடுக்கலாம். விரிதாளோ கணிப்பானோ இருக்கும் பள்ளிகளில், அவை காட்டும் விடையை முதலில் எழுதி, அதில் உள்ள பிழையை மாணவர்களே கண்டுபிடிக்க விடுங்கள். நான் தெரியாமல் செய்ததை நீங்கள் தெரிந்தே செய்யலாம்.

இப்போதெல்லாம் இந்த எண்ணை நான் இடமிருந்து எழுதுவதில்லை. முதலில் கரும்பலகையின் வலது ஓரத்தில் 5 என்று மட்டும் எழுதுகிறேன். "இது ஏன் 5?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். மீதிப் பத்தொன்பது இலக்கங்களை அந்தக் கேள்விக்கு யாராவது விடை சொன்ன பிறகுதான் எழுதுகிறேன்.